மைனர் எப்போது மேஜர் ஆவான்?

போன மாதம் கே.ஜி.கண்டிகைக்குப் போயிருந்தேன். திருத்தணியில் பஸ் ஏறினால் கொஞ்ச நேரப் பயணம்தான். பாதிப் பேர் வீட்டில் தெலுங்கு பேசுவார்கள், கடையில் தமிழ் பேசுவார்கள், சண்டை வந்தால் இரண்டிலும் பேசுவார்கள். அங்கே ஒரு நண்பர் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். என்னைவிட ஐந்தாறு வயது சின்னவர். பழைய ஓட்டு வீட்டை இடித்துவிட்டு இரண்டு மாடி கட்டியிருக்கிறார். கிரகப்பிரவேசத்துக்கு வரமுடியாமல் போனதால், தாமதமாக ஒரு சுவர்க்கடிகாரத்தைத் தூக்கிக்கொண்டு போனேன்.

ஹாலில் நுழைந்ததுமே எதிரில் ஒரு பெரிய படம். நண்பரின் ஆறு வயது மகன் தலையில் கிரீடம், தோளில் சிவப்பு சால்வை, கையில் அட்டைக் கத்தியோடு சிம்மாசனத்தில் உட்கார்ந்திருக்கிறான். கீழே 'எங்கள் குட்டி இளவரசர்' என்று தங்க எழுத்து. பிறந்தநாளுக்கு ஸ்டூடியோவில் எடுத்ததாம். இளவரசர் அந்த நேரத்தில் ஜட்டியோடு சோபாவில் குப்புறப் படுத்து செல்போன் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய அம்மா பக்கத்தில் உட்கார்ந்து இட்லியைப் பிட்டுப் பிட்டு வாயில் ஊட்டிக்கொண்டிருந்தார்.

"நாம பட்ட கஷ்டம் அவன் படக்கூடாதுண்ணா. ராஜா வீட்டுப் புள்ள மாதிரி வளக்கணும்னு முடிவு பண்ணிட்டேன்" என்றார் நண்பர்.

நான் தலையாட்டினேன். இந்த வசனத்தை நீங்களும் நானும் எத்தனையோ வீடுகளில் கேட்டிருக்கிறோம். ஆனால், திண்ணையில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த நண்பரின் அம்மா சும்மா இருக்கவில்லை.

"ராஜா வூட்டுப் புள்ளைங்க நல்லா வளந்துதுன்னு உனுக்கு யாருடா சொன்னது? தம்பி, எங்க மாமனாரு கார்வேட்டி நகர் ஜமீன் காலத்துல சின்னப் புள்ளையா இருந்தவரு. ஜமீன் வூட்டுப் புள்ள நடந்தாலும் ஒருத்தன் கூடவே நடப்பானாம், ஓடனாலும் கூடவே ஓடுவானாம். 'பாவம்டி அதுங்க, ஒரு கல்லு எடுத்து மாங்கா அடிக்க முடியாது'ன்னு சொல்லுவாரு."

நண்பர் சிரித்து மழுப்பிவிட்டார். எனக்குத்தான் திரும்பி வரும் வழியெல்லாம் அந்தக் கேள்வி. ராஜா வீட்டுப் பிள்ளைகள் உண்மையிலேயே நன்றாக வளர்ந்தார்களா? அரண்மனையில் வளர்வது ஒரு குழந்தைக்கு நல்லதா?

தமிழில் 'மைனர்' என்று ஒரு சொல் இருக்கிறது. மைனர் செயின், மைனர் ஜிப்பா, 'பெரிய மைனருன்னு நெனப்பு' என்கிற வசவு... ஆங்கிலத்தில் இந்தச் சொல்லுக்கு வயதுக்கு வராத பையன் என்றுதான் அர்த்தம். நம் ஊரில் மட்டும் அது எப்படி நாற்பது வயதில் சென்ட் பூசிக்கொண்டு சொத்தைக் கரைக்கும் ஆளைக் குறிக்க ஆரம்பித்தது?

காரணம், ஜமீன் வீட்டுப் பிள்ளைகள்தான். வெள்ளைக்காரன் காலத்தில் ஒரு ஜமீன்தார் சின்ன வயதில் செத்துப்போய் வாரிசு குழந்தையாக இருந்தால், 'கோர்ட் ஆஃப் வார்ட்ஸ்' என்ற அரசு ஏற்பாடு ஜமீனைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்ளும். சொத்தையும் அதுதான் பார்க்கும். பையனின் படிப்பையும் அதுதான் பார்க்கும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1875-ம் ஆண்டு இந்திய மேஜாரிட்டி சட்டப்படி உங்களுக்கும் எனக்கும் 18 வயதில் மேஜர். கோர்ட் ஆஃப் வார்ட்ஸ் பொறுப்பில் இருந்த பையனுக்கு அன்றைக்கு 21. கூலிக்காரன் மகன் கல்யாணமாகிக் குடும்பத்தைத் தூக்கிச் சுமக்கிற வயதில், ஆயிரக்கணக்கான ஏக்கருக்குச் சொந்தக்காரர் இன்னும் மைனர். ஊரில் அவரை 'மைனர்', 'சின்ன மைனர்' என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டார்கள். வயது ஏறியது, பட்டப்பெயர் போகவில்லை. ஒரு சட்டச் சொல் இப்படி நடத்தையின் பெயராக மாறியது சும்மா நடந்திருக்காது. பிள்ளைகள் எப்படி வளர்ந்தார்கள் என்பதற்கு மொழி தன் பாட்டுக்கு ஒரு சாட்சி சொல்லி வைத்திருக்கிறது.

அந்த மைனர்களுக்காகச் சென்னை தேனாம்பேட்டையில் ஒரு பங்களா இருந்தது. பெயர் நியூயிங்டன். தமிழ்நாட்டின் பல ஜமீன்களிலிருந்து பையன்களைக் கொண்டுவந்து அங்கே தங்கவைத்து இங்கிலீஷ், நடை உடை, சாப்பாட்டு மேஜை நாகரிகம் எல்லாம் சொல்லிக்கொடுத்தார்கள். பிரின்ஸிபாலாக இருந்தவர் கிளெமெண்ட் டி லா ஹே என்கிற வெள்ளைக்காரர். 1919 அக்டோபரில் ஒரு நள்ளிரவில், தூங்கிக்கொண்டிருந்த அவரை யாரோ துப்பாக்கியால் சுட்டுக் கொன்றார்கள். போலீஸ் பிடித்தது அவருடைய மாணவர்களை. கடம்பூர், சிங்கம்பட்டி என்று தெற்குச் சீமையின் இரண்டு ஜமீன் வாரிசுகள் வழக்கில் சிக்கினார்கள். மெட்ராஸே கிடுகிடுத்தது. ஏன் சுட்டார்கள் என்பதற்கு ஆளுக்கொரு கதை. தமிழர்களைக் கேவலமாகப் பேசினார் என்று சிலர். வேறு மாதிரி கிசுகிசுத்தவர்களும் உண்டு. வழக்கு பம்பாய் ஹைகோர்ட்டுக்கு மாற்றப்பட்டு, கடைசியில் கடம்பூர் வாரிசு விடுதலையானார். கொலை செய்தது யார் என்பது இன்றுவரை முடிச்சு அவிழாத கேள்விதான்.

எனக்கு அந்த முடிச்சைவிட அந்தப் பங்களாதான் உறுத்துகிறது. யோசித்துப் பாருங்கள். அப்பா இல்லாத பையன்கள். ஊரில் தாசில்தார்கூட எழுந்து நிற்பார். இங்கே வந்தால் ஒரு வெள்ளைக்காரர் முன்னால் கைகட்டி நிற்க வேண்டும். அங்கே எல்லோரும் கீழே. இங்கே தான் கீழே. சமமாக ஒருத்தன்கூடக் கிடையாது. கூடப் படிக்கிறவனும் இன்னொரு ஜமீன். அவனோடும் யார் ஜமீன் பெரிசு என்கிற கணக்குதான். பதினாறு, பதினேழு வயதுப் பையனுக்குச் சோறு, துணி, குதிரை, வாத்தியார் எல்லாம் இருந்தது. 'டேய்' என்று தோளில் கை போட ஆள் இல்லை.

அந்த ஒரு ராத்திரியின் விலை எவ்வளவு தூரம் போனது என்பதையும் சொல்லிவிடுகிறேன். வழக்குச் செலவில் சிங்கம்பட்டி ஜமீன் கடனாளியானது, அதை அடைக்கத்தான் மேற்குத் தொடர்ச்சி மலையில் எட்டாயிரம் ஏக்கருக்கு மேல் காட்டைக் குத்தகைக்கு விட்டார்கள் என்று திருநெல்வேலிப் பக்கத்தில் சொல்வார்கள். 1929-ல் பாம்பே பர்மா டிரேடிங் கார்ப்பரேஷனுக்கு 99 வருடக் குத்தகை. அதுதான் மாஞ்சோலை எஸ்டேட். அங்கே தேயிலை பறித்த தொழிலாளர்களுக்காக 1999 ஜூலை 23 அன்று திருநெல்வேலியில் நடந்த ஊர்வலத்தில் போலீஸ் தடியடி நடத்தி, 17 பேர் தாமிரபரணியில் செத்துப்போனார்கள். 2024-ல் கம்பெனி எஸ்டேட்டை மூடி, தொழிலாளர்களைக் கீழே இறங்கச் சொன்னது. அரண்மனைப் பிள்ளையின் தப்புக்குப் பில் வரும்போது அது அரண்மனை விலாசத்துக்கு மட்டும் வருவதில்லை.

என்னோடு பி.காம். படித்த ஒருவன் ஞாபகத்துக்கு வருகிறான். பழைய ஜமீன் குடும்பம். ஜமீன் ஒழிந்து ஐம்பது வருடம் ஆகியிருந்தது. 'அரண்மனை' என்று அவர்கள் சொல்லும் வீட்டில் மழை பெய்தால் ஏழு இடத்தில் பாத்திரம் வைப்பார்கள். ஒரு லீவுக்கு நான் அங்கே போயிருக்கிறேன். முன் ஹாலில் யாரும் உட்காரக் கூடாத ஒரு நாற்காலி இருந்தது. தாத்தாவின் நாற்காலி. ஒரு கால் உடைந்து செங்கல் முட்டுக் கொடுத்திருந்தார்கள். இருந்தாலும் உட்காரக் கூடாது.

காலேஜில் அவனை 'ஜமீன்' என்றுதான் கூப்பிடுவோம். நல்லவன். கை நீட்டினால் கொடுப்பான். காஸ்ட் அக்கவுன்ட்டன்ஸியில் எங்கள் வகுப்பில் பாதிப் பேர் ஊற்றிக்கொண்டோம். ஃபெயிலானவர்கள் எல்லாம் கூட்டமாக டீக்கடைக்குப் போய், பாஸானவனிடம் காசு பிடுங்கி பஜ்ஜி தின்றோம். இவன் மட்டும் ரூமைச் சாத்திக்கொண்டான். இரண்டு நாள் சாப்பிடவில்லை. கதவைத் தட்டித் தட்டி ஓய்ந்து, ஜன்னல் வழியாகத் திட்டினேன். "ஒரு பேப்பருடா! அக்டோபர்ல எழுதிக்கலாம்."

அவன் சொன்ன பதில் இருபத்தைந்து வருடமாக எனக்கு மறக்கவில்லை. "நீ ஃபெயிலானா நீ ஃபெயில். நான் ஃபெயிலானா அரண்மனை ஃபெயில்டா."

இதுதான் விஷயம் என்று நினைக்கிறேன். அரண்மனையில் சாப்பாட்டுக்குக் குறை கிடையாது. பாசத்துக்குக்கூடச் சில இடங்களில் குறை இருந்திருக்காது. அங்கே இல்லாதது வேறு. தோற்பதற்கு இடம் இல்லை. கோலி விளையாட்டில் தோற்பது, தெருவில் அடி வாங்குவது, 'உனக்கு ஒண்ணும் தெரியல' என்று வாத்தியாரிடம் கேட்டுக்கொள்வது, அப்புறம் மறுநாள் ஒன்றுமே நடக்காத மாதிரி அதே தெருவுக்கு விளையாடப் போவது. இந்த ரிகர்சல் எதுவும் இல்லாமல் நேராக மேடையில் ஏற்றிவிடுகிறார்கள். 'நீ யார்?' என்று அந்தக் குழந்தை தன்னையே கேட்டுக்கொள்வதற்கு முன்னால், பதிலை நெற்றியில் எழுதி ஒட்டிவிடுகிறார்கள்.

புதுக்கோட்டையில் இரண்டு பையன்களின் கதை இருக்கிறது. ராஜா மார்த்தாண்ட பைரவ தொண்டைமான், 1886-ல் பத்து வயதில் பட்டத்துக்கு வந்தவர். 1915-ல் ஆஸ்திரேலியாவில் மோலி ஃபிங்க் என்ற பெண்ணைக் காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டார். பிரிட்டிஷ் அரசுக்குப் பிடிக்கவில்லை. அடுத்த வருடம் பிறந்த மகன் மார்த்தாண்ட சிட்னிக்கு, அம்மா வெள்ளைக்காரி என்ற காரணத்தால் பட்டம் கிடையாது என்றாகிவிட்டது. ராஜா ஊரைவிட்டுப் போய் ஐரோப்பாவில் வாழ்ந்து, 1928-ல் பாரிஸில் காலமானார். ஒரு பையனிடம் 'நீ ராஜா மகன், ஆனால் ராஜா இல்லை' என்று சொன்னார்கள். அதே வருடம், அரச குடும்பத்தின் இன்னொரு கிளையிலிருந்து ஆறு வயது ராஜகோபாலைக் கூட்டிவந்து, 'நீதான் ராஜா' என்று சொன்னார்கள். இரண்டு பேரையும் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பட்டம் கிடைத்த பையனுக்கும், கிடைக்காத பையனுக்கும் ஒரே அநியாயம்தான் நடந்திருக்கிறது என்பேன் நான்.

'சரி சார், ஆனால் ராஜகோபால தொண்டைமான் நல்ல மனுஷனாகத்தானே வாழ்ந்தார்?' என்று புதுக்கோட்டை வாசகர்கள் கேட்பார்கள். உண்மை. 1948-ல் சமஸ்தானத்தை அலட்டிக்கொள்ளாமல் இந்தியாவோடு இணைத்தார். அவருடைய அரண்மனைதான் பின்னால் கலெக்டர் ஆபீஸ் ஆனது. கல்யாணமே செய்துகொள்ளாமல், எளிமையாக இருந்து 1997-ல் காலமானார். இன்றைக்கும் அந்த ஊர்க்காரர்கள் அவர் பெயரை மரியாதையாகச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ராஜா வேஷத்தைக் கழற்றி வைக்க முடிந்ததால்தான் அந்த மரியாதை. ஆறு வயதில் மாட்டிவிட்டதை இருபத்தைந்து வயதில் கழற்றிக் கொடுத்துவிட்டு, அதற்குப் பின் அரை நூற்றாண்டு மனுஷனாக வாழ்ந்தார்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. திருவிதாங்கூரின் சுவாதித் திருநாள் பிறப்பதற்கு முன்பே ராஜா என்று தீர்மானமானவர். 'கர்ப்ப ஸ்ரீமான்' என்றே அவருக்குப் பெயர். அரண்மனை அவருக்குப் பல மொழிகளையும் சங்கீதத்தையும் கொடுத்தது. இன்று வரை கச்சேரிகளில் அவர் கீர்த்தனைகளைப் பாடுகிறார்கள். குடிசையில் பிறந்திருந்தால் அந்தக் கீர்த்தனைகள் வந்திருக்குமா? வந்திருக்காது. அதனால் அரண்மனை ஒன்றுமே தராது என்று நான் சொல்ல வரவில்லை. நிறையத் தரும். வரவு கலத்தில் அதை நேர்மையாக எழுதத்தான் வேண்டும். பற்று கலத்தில், 1829-ல் பதினாறு வயதில் ஆட்சிப் பொறுப்பு, கூடவே வெள்ளைக்கார ரெஸிடென்ட்களின் குடைச்சல், 33 வயதில் மரணம்.

வறுமையில் வளர்ந்தால் பிள்ளைகள் வைரம் மாதிரி வருவார்கள் என்று பேசுகிற ஆளும் நானில்லை. பசித்தால் வைரம் வராது, வயிற்றுவலிதான் வரும். திருத்தணிக்காரர்கள் உடனே டாக்டர் ராதாகிருஷ்ணனைச் சொல்வார்கள். நியாயம்தான். அவருடைய அப்பா வீராசாமி, ஜமீனின் வருவாய்த் துறையில் சின்ன உத்தியோகம் பார்த்தவர். பையன் திருத்தணி, திருப்பதி, வேலூர் என்று படித்து, ஸ்காலர்ஷிப்பில் சென்னை கிறிஸ்தவக் கல்லூரிக்குப் போய், 1962-ல் இந்த நாட்டின் ஜனாதிபதியானார். ஜமீன் கணக்கில் இருந்தவர் பிள்ளைக்கு ஜனாதிபதி மாளிகை கிடைத்தது ஏழ்மையால் அல்ல, பள்ளிக்கூடத்தால், ஸ்காலர்ஷிப்பால். ஆனால், ஒரு விதத்தில் அவர் அதிர்ஷ்டசாலி. 'நீ இன்னாராகத்தான் ஆகவேண்டும்' என்று அவர் பிறக்கும்போதே யாரும் சிம்மாசனம் செய்து வைத்திருக்கவில்லை.

நம் ஊர் ராஜாக்களோடு இது முடிந்துபோன கதை என்று நினைக்க வேண்டாம். பக்கத்து நாடு நேபாளம். 1950-ல் ராஜா திரிபுவன் குடும்பத்தோடு இந்தியாவுக்குத் தப்பி வந்தபோது, விட்டுவிட்டு வந்த பேரன் ஞானேந்திராவுக்கு மூன்று வயது. அன்றைக்கு ஆட்சியைக் கையில் வைத்திருந்த ராணாக்கள் அந்தக் குழந்தையைத் தூக்கி ராஜாவாக உட்கார வைத்தார்கள். தாத்தா திரும்பி வந்ததும் இறக்கிவிட்டார்கள். 2001 ஜூன் 1 அன்று அதே அரண்மனையில் பட்டத்து இளவரசர் திபேந்திரா, அப்பா அம்மா தம்பி தங்கை உட்பட எல்லோரையும் சுட்டதாக விசாரணை சொன்னது. தான் விரும்பிய பெண்ணைக் கட்டிக்கொள்ள வீட்டில் சம்மதிக்காததுதான் காரணம் என்று பரவலாகப் பேசப்பட்டது. சாதாரண வீடாக இருந்தால் பையன் கோயிலில் மாலை மாற்றிக்கொண்டு வந்திருப்பான். அப்பா ஒரு வருடம் பேசாமல் இருந்துவிட்டுப் பேத்தி பிறந்ததும் பேசியிருப்பார். ஞானேந்திரா இரண்டாம் முறை ராஜாவானார். 2008-ல் மன்னராட்சியே ஒழிந்தது.

ஜப்பானில் ஹிரோஹிட்டோவை, பிறந்து சுமார் எழுபது நாளில் பெற்றோரிடமிருந்து பிரித்து ஒரு பிரபு வீட்டில் வளர்க்கக் கொடுத்தார்கள். அவர் மகன் அகிஹிட்டோவை மூன்று வயதில் தனியாகப் பிரித்தார்கள். அந்த அகிஹிட்டோ கல்யாணம் செய்துகொண்டது அரச வம்சத்தைச் சேராத மிச்சிகோவை. தங்கள் குழந்தைகளைத் தங்களோடுதான் வளர்ப்போம் என்று வழக்கத்தை மாற்றினார்கள். அரண்மனையின் குறை என்ன என்பது அதில் வளர்ந்தவருக்குத்தானே தெரியும்? அவர்களுடைய பேத்தி மாகோ 2021-ல் சாதாரண ஆளைக் கட்டிக்கொண்டு, வழக்கமாகக் கொடுக்கும் பெரும் தொகையும் வேண்டாம் என்று வெளியே போய்விட்டார்.

நான் காமர்ஸ் ஆசாமி. பிளாட்டோ, ரூஸோ எல்லாம் எனக்கு அவ்வளவு பரிச்சயமில்லை. எனக்குத் தெரிந்த தத்துவம் 1932-ம் வருட இந்தியக் கூட்டாண்மைச் சட்டத்தின் 30-வது பிரிவு. பரீட்சைக்கு நெட்டுரு போட்டது, இப்போது உதவுகிறது.

ஒரு மைனரைக் கம்பெனியில் பார்ட்னராக்க முடியாது. மற்ற பார்ட்னர்கள் எல்லோரும் சம்மதித்தால் லாபத்தில் மட்டும் சேர்த்துக்கொள்ளலாம். நஷ்டம் வந்தால் கம்பெனியில் இருக்கும் அவன் பங்கு போகலாம். அவன் சொந்தச் சொத்தைத் தொட முடியாது. சரி, அவன் மேஜர் ஆனதும்? அங்கேதான் சட்டம் ஒரு அழகான காரியம் செய்கிறது. ஆறு மாதம் அவகாசம் கொடுக்கிறது. 'தம்பி, இந்தக் கம்பெனியில் நீ பார்ட்னராக இருக்க விரும்புகிறாயா, இல்லையா? ஊரறியச் சொல்லிவிடு' என்கிறது. வேண்டாம் என்றால் கைகுலுக்கி அனுப்பிவிடும். வாயைத் திறக்காமல் இருந்தால் மட்டும் பார்ட்னர் ஆகிவிடுவான். அப்படி ஆகிவிட்டால், அவனை லாபத்தில் சேர்த்த நாளிலிருந்து வந்த கடனுக்கெல்லாம் அவனும் பொறுப்பு.

நூறு சதுர அடி மளிகைக் கடையின் பார்ட்னர்ஷிப்புக்கே பையனைக் கேட்க வேண்டும் என்கிறது சட்டம். ஒரு வம்சத்தின் பெருமை, கடன், பகை எல்லாவற்றையும் தலையில் வைக்கும்போது யாரும் கேட்பதில்லை. அரண்மனையில் வளரும் குழந்தைக்கு அந்த ஆறு மாதம் வருவதே இல்லை. அரண்மனை வளர்ப்பில் எனக்குள்ள ஒரே ஆட்சேபணை இதுதான். தங்கத் தட்டில் சாப்பிடட்டும், தப்பில்லை. வேண்டாம் என்று சொல்கிற உரிமை தட்டில் இருக்க வேண்டும்.

'ராஜாக்களே இல்லாத ஊரில் ராஜா வீட்டுப் பிள்ளைகளைப் பற்றி எதுக்குய்யா இவ்வளவு பேச்சு?' என்று நீங்கள் கேட்கலாம். மன்னர் மானியத்தை 1971-லேயே நிறுத்தியாகிவிட்டது. ஜமீன் ஒழிப்புச் சட்டம் அதற்கும் முன்னால், 1948-ல். ஆனால் அரண்மனைகளை ஒழித்த பின்பு நாம் என்ன செய்தோம்? ஆளுக்கொரு அரண்மனை கட்டிக்கொண்டோம். டாக்டர் வீட்டுப் பிள்ளைக்கு ஸ்டெதஸ்கோப்பே செங்கோல். பட்டறை வைத்திருப்பவர் பிள்ளைக்குப் பட்டறை. தலைவர் பிள்ளைக்குக் கட்சி. ஒன்றுமே இல்லாதவர்கள் பிள்ளைக்கு என்ன கொடுப்பது? அதற்கும் ஒரு சரக்கு தயாராக இருக்கிறது. 'நாம ஆண்ட பரம்பரைடா.'

இதைத்தான் நான் பயத்தோடு பார்க்கிறேன். அரை ஏக்கர் நிலம் இல்லாத வீட்டில் பையனுக்குச் சாதிக் கலரில் கையில் கயிறு கட்டி, 'நீ ராஜா' என்கிறார்கள். ராஜா என்று ஒருவன் இருந்தால் குடிமகன் என்று ஒருவன் வேண்டுமே, அவனை எங்கே தேடுவான்? பக்கத்து பெஞ்சில்தான். 2023 ஆகஸ்ட்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனையும் தடுக்க வந்த தங்கையையும், கூடப் படித்த பையன்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். அதற்குப் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு, 2024-ல் கொடுத்த அறிக்கையில் பள்ளிகளில் சாதிக் கயிறுகளுக்குத் தடை கேட்டது. வெட்டியவர்களும் பள்ளிக்கூடப் பையன்கள்தான் என்பதை என்னால் ஜீரணிக்க முடியவில்லை. அவர்கள் செய்ததை நியாயப்படுத்த வரவில்லை. ஆனால் அந்தக் கயிற்றை அவர்கள் கையில் முதலில் கட்டியது யார்? அவர்கள் பார்த்தே இராத ஒரு சிம்மாசனத்தின் கடனை அவர்கள் தலையில் ஏற்றியது யார்?

நியூயிங்டன் பங்களாவில் சில மைனர்கள் இருந்தார்கள். இப்போது எத்தனை தெருவில், எத்தனை மைனர்கள்!

என் பி.காம். நண்பன் 'ஜமீன்' கதையை முடிக்கவில்லையே. படிப்பு முடிந்ததும் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதச் சேர்ந்தான். சேர்ந்த முதல் வாரத்தில் ஒரு பில்லைத் தப்பாகப் போட்டுவிட்டான். முதலாளி எல்லோர் முன்னாலும் 'அறிவிருக்காய்யா உனக்கு?' என்று கத்தியிருக்கிறார். நாங்கள் எல்லாம், போச்சு, வேலையை விட்டுவிட்டு ஊருக்குப் போயிருப்பான் என்று நினைத்தோம். எஸ்.டி.டி. போட்டுப் பேசினான். "மாப்ள, அந்தாளு என்னைத் திட்டினாருடா. என் தாத்தாவை இல்லை, என் அரண்மனையை இல்லை, என்னைத்தான் திட்டினாரு. எவ்வளவு லேசா இருக்கு தெரியுமா?" இப்போது அங்கேயே நல்ல நிலையில் இருக்கிறான். அந்த மூன்று கால் நாற்காலியை என்ன செய்தாய் என்று கேட்டேன். "ரிப்பேர் பண்ணிட்டேன். என் பொண்ணு அதுல உக்காந்துதான் ஹோம்வொர்க் எழுதுறா" என்றான்.

கே.ஜி.கண்டிகையில் அன்று நான் கிளம்பும் நேரத்தில் ஒரு சின்ன சம்பவம் நடந்தது. ரசத்துக்குக் கொத்தமல்லி இல்லை என்று உள்ளிருந்து குரல் வந்தது. நண்பர் பைக் சாவியைத் தேடினார். பாட்டி பேரனைக் கூப்பிட்டு, பத்து ரூபாயைக் கையில் திணித்து, "மூணாவது கடை. கொத்தமல்லி வாங்கினு மீதி சில்லற கேட்டு வாங்கியா" என்றார். "அம்மா, அவனையா..." என்று நண்பர் பதறினார். இளவரசர் அதற்குள் செல்போனைச் சோபாவில் போட்டுவிட்டு, டிரவுசரை மாட்டிக்கொண்டு படியிறங்கி ஓடிவிட்டார்.

நாங்கள் வாசலில் நின்று பார்த்தோம். கடைக்குப் போனவன் கால் மணி நேரமாகத் திரும்பவில்லை. நண்பர் இரண்டு முறை தெருமுனை வரை போய் வந்தார். கடைசியில் வந்தான். முட்டியில் மண். கொத்தமல்லிக் கட்டு பாதி கசங்கியிருந்தது. மீதிச் சில்லறை இல்லை.

"சில்லற எங்கடா?" என்றார் பாட்டி.

"கடல மிட்டாய் வாங்கிட்டேன். அந்தப் பசங்க கேட்டாங்க. எல்லாருக்கும் குடுத்தேன். அப்புறம் ஓட்டப்பந்தயம் வெச்சாங்க, நான்தான் கடைசி" என்றான், மூச்சு வாங்கிக்கொண்டு, முகமெல்லாம் சிரிப்பாக.

நண்பர் என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த கிரீடம் வைத்த படத்தைப் பார்த்தேன். அதில் அவன் சிரிக்கவே இல்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன்.